ஏழு நாள் பார்வை

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. அரை விரற்கடை இருக்கும். ஒரு காகிதத்தை நான்காக மடித்து அடியில் வைத்தால் போதும், சரியாகிவிடும். இத்தனை பேர் வந்து உட்கார்ந்து போகிற அறையில் ஒருவருக்குக்கூட இது உறுத்தவில்லை என்றால் என்ன சொல்வது? போகட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

முப்பத்தொரு வருடம் நான் எடை அளவு ஆய்வாளராக இருந்தேன். கடைத் தராசைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. துணிக்கடையில் மீட்டர் கோல், எண்ணெய்க் கடையில் அளவுக் குவளை, பெட்ரோல் போடுகிற இடத்தில் மீட்டர் என்று எதையும் விட்டதில்லை. "கொஞ்சம் பாத்துச் செய்யுங்க சார்" என்று பல்லைக் காட்டாத கடைக்காரரே கிடையாது. இருபது கிராம் குறைந்தால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்பார்கள். முழுகாது என்றால் நீங்களே அந்த இருபது கிராமைச் சேர்த்துப் போடுங்களேன் என்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆனேன். இருபத்துநான்கு வீடுகள், மூன்று மாடி. அந்தப் பதவிக்கு யாரும் போட்டி போடவில்லை. அதற்கு முன்னால் அந்தக் கட்டடம் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் வராந்தாவில் செருப்பு அலமாரி வைத்திருந்தார். இன்னொருவர் ஜன்னலுக்கு நீலத்தில் தகரக் கூரை போட்டிருந்தார். மூன்றாமவர் வாசல் கதவுக்குப் பச்சை அடித்திருந்தார். கேட்டால், என் கதவு என் இஷ்டம். முதலில் ஒன்பது விதிகள்தான் இருந்தன. பதினோரு வருடத்தில் நாற்பத்திரண்டு ஆக்கினேன். ஒவ்வொன்றும் பொதுக்குழுவில் கை தூக்கி நிறைவேறியதுதான். நான் சர்வாதிகாரி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர்களும் அன்றைக்குக் கை தூக்கியவர்கள்தான் என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

குடியிருக்கிற வரைக்கும் எவரும் சங்கத்தை மதிப்பதில்லை. நோட்டீஸ் கொடுத்தால் அதன் பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரையும். ஆனால் வீட்டை விற்க வேண்டும் என்று வந்துவிட்டால், அத்தனை பேரும் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற என் அறைக்கு வந்தாக வேண்டும். சங்கம் தடையில்லாச் சான்றிதழ் கொடுத்தால்தான் வாங்குபவருக்கு வங்கி கடன் கொடுக்கும், பத்திரம் பதிவாகும். பராமரிப்புக் கட்டணம் நிலுவை இருக்கக் கூடாது. பெயர் மாற்றக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். வீட்டின் மாற்றுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுக்க வேண்டும். நான் போய் அங்கீகரித்த வரைபடத்தை வைத்துக்கொண்டு அளந்து பார்ப்பேன். வரைபடத்தில் இல்லாத ஒரு ஆணி இருந்தாலும் கழற்றச் சொல்வேன்.

ஒருமுறை நான் ஏமாந்தேன். முதல் மாடிக்காரர் காலையில் செருப்பு அலமாரியை அகற்றினார், மதியம் சான்றிதழ் வாங்கினார், சாயங்காலம் புதிதாக வந்தவர் அதே அலமாரியை அதே இடத்தில் வைத்தார். கட்டடமே சிரித்தது. அதற்குப் பிறகு இருபத்தொன்பதாம் விதியைக் கொண்டுவந்தேன். மீறலைச் சரிசெய்த பிறகு அந்த வீடு ஏழு நாள் அப்படியே இருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் செயலாளர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். எட்டாம் நாள் சான்றிதழ். ஏழு நாள் பார்வை என்று அதற்குப் பெயர். அதற்குக் கை தூக்கியவர்களில் தையல்காரம்மாவும் ஒருவர். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கையில் விரலுறை மாட்டியபடியே தூக்கினார்.

தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடி, தெருப்பக்கத்து வீடு. ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பார். கணக்கு வழக்கில் ஒரு குறை சொல்ல முடியாது, கட்டணத்தை முதல் தேதியே கட்டிவிடுவார். அவருடைய கணவர் பேருந்து ஓட்டியவர். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறந்தது, பிறகு மகள் பெயர், பிறகு தான் ஓய்வு பெற்றதே மறந்துபோனது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. மத்தியானம் இரண்டு பத்துக்கு அவர் வண்டியை எடுக்க வேண்டும்.

இருபத்தேழு வருடம் அந்த நேரத்துக்கு எடுத்த வண்டி. இரண்டு பத்து ஆகிவிட்டது என்று தெரிந்தால் போதும், காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போவார். கைப்பிடிக் கம்பியின் கீழ்க் குறுக்குக் கம்பியில் ஒரு காலை வைப்பார், மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். டிரைவர் சீட்டுக்கு ஏறுகிற மாதிரியே. போன வருடம் ஒருநாள் ஒரு காலை வெளியேயும் போட்டுவிட்டார். தையல்காரம்மா சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். மறுநாளே வெல்டரைக் கூப்பிட்டு, பால்கனியில் தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்புக் கிரில் போட்டுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கடிகாரங்களையும் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

அதோடு கட்டடத்தில் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. டிரைவர் யாரைப் பார்த்தாலும் "மணி என்னாச்சுங்க?" என்று கேட்பார். யாராக இருந்தாலும் "இன்னும் நேரம் ஆகல டிரைவரே" என்று சொல்ல வேண்டும். "அப்ப ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று அவர் சமாதானமாக உட்கார்ந்துவிடுவார். பால் போடுபவர் சொல்வார், தபால்காரர் சொல்வார், என் மனைவியும் சொல்வாள். நான் மட்டும் சொல்ல மாட்டேன். முப்பத்தொரு வருடம் சரியான அளவுக்காக நின்றவன் பொய் மணி சொல்வதா? அவர் கேட்டால் காதில் விழாத மாதிரி போய்விடுவேன். அதையும் அவர் சும்மா விட மாட்டார். நான் கையை வீசி நடப்பேன், அது என் பழக்கம். "என்னங்க, ஸ்டாப்பு இல்லாத எடத்துல கை காட்டுறீங்க? வண்டி நிக்காது, அடுத்த ஸ்டாப்புக்கு நடங்க" என்பார். நாலு பேர் இருக்கும்போதுதான் சொல்வார். அன்றிலிருந்து கட்டடத்தில் என் பெயர் கைகாட்டி. என் முகத்துக்கு நேரே செயலாளர், முதுகுக்குப் பின்னால் கைகாட்டி. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமும் கிடையாது. கேட்பீர்கள் என்றுதான் நானே சொல்லிவிட்டேன்.

கிரில் போட்ட வாரமே நோட்டீஸ் கொடுத்தேன். தையல்காரம்மா வாங்கி மடித்து ரவிக்கையில் சொருகிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விற்க வந்தார். மகள் வேறு ஊரில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். வாசலில் படிகூட இல்லையாம். "இனிமே அவரு எங்க ஏறுனாலும் வாசத்திண்டுக்கு மேல ஏற முடியாது சார்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார், அதற்குள் இந்த வீடு கைமாறினால்தான் அந்த வீடு கிடைக்கும். இந்த வீட்டை வாங்க வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மனைவியும் இரட்டைக் குழந்தைகளும் கூட வந்தார்கள். எல்லாம் முடிவாகிவிட்டது. கட்டணம் கட்டியாகிவிட்டது, சாவி என் பலகையில் தொங்கியது. கிரில் மட்டும்தான் பாக்கி.

கழற்றுங்கள் என்றேன். மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "சார், எங்களுக்குக் கிரில்லோடதான் வேணும். ரெண்டு வாலுங்க இருக்கு வீட்டுல, நாங்களே புதுசாப் போடலாம்னு இருந்தோம்" என்றார். நீங்கள் வீட்டை வாங்குகிறீர்களா, மீறலை வாங்குகிறீர்களா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு இன்று வரை யாரும் பதில் சொல்லவில்லை. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

தையல்காரம்மா மட்டும் அன்று மதியம் மறுபடி வந்தார். அதுவரைக்கும் சார். அன்றைக்கு அண்ணே.

"அண்ணே, கழட்ட மாட்டேன்னு சொல்லல. நாங்க வண்டியேறிப் போன அன்னைக்கே கழட்டிடுறேன். ஆளில்லாத வீட்ல ஏழு நாள் இல்ல, எழுபது நாள் பாருங்க. அவரை வச்சுக்கிட்டுக் கழட்டச் சொல்றீங்களே."

சான்றிதழ் இல்லாமல் பத்திரம் ஆகாது, பத்திரம் ஆகாமல் நீங்கள் போக முடியாது, அப்புறம் எப்படிப் போன பிறகு கழற்றுவீர்கள் என்று விளக்கினேன். அவருடைய யோசனையிலிருந்த ஓட்டையை நான் அவ்வளவு பொறுமையாகக் காட்டினேன்.

"அந்த விதியை எழுதுனது நீங்கதானே? ஒரு ஏழு நாளைக்குக் கண்ண மூடிக்கிட்டா என்னண்ணே?"

கண்ணை மூடிக்கொள்வதற்கு எதற்குப் பார்வை என்று பெயர் வைத்தோம்? அப்படித்தான் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குள் விஷயம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது.

திங்கட்கிழமை வெல்டர் வந்து கிரில்லைக் கழற்றினார். அவரும் தன் பங்குக்கு "சார், நான் கழட்டிட்டேன், ஆனா எனக்கு இதுல இஷ்டமில்லன்னு சொல்லிடுறேன்" என்றார். வெல்டரின் இஷ்டத்தைக் கேட்க விதியில் இடமில்லை. அன்றிலிருந்து ஏழு நாள். செவ்வாய்க்கிழமை தெருவில் நின்று பார்த்தேன். மூன்று மாடியும் ஒரே வரிசையாக, ஒரே கம்பியாக, வரைபடத்தில் இருப்பது போலவே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மனதுக்கு நிறைவாக இருந்தது. அழகு என்றுகூடச் சொல்லலாம்.

புதன்கிழமை ஆய்வுக்குப் போனேன். பால்கனிக் கதவில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது. பார்வைக் காலத்தில் எந்தக் கதவும் பூட்டியிருக்கக் கூடாது, முப்பத்தொன்றாம் விதி. எடுக்கச் சொன்னேன். தையல்காரம்மா பூட்டை எடுத்தார். பிறகு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தன்னுடைய தையல் மிஷினை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டார். இரும்புக் கால் வைத்த பழைய மிஷின், கனம். தையல் மிஷினை எங்கே போட வேண்டும் என்று விதியில் இல்லை, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதையும் தனிப்பட்ட முறையில் செய்யவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இருபத்துநான்கு வீட்டில் இருபத்துமூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டு, அவசரப் பொதுக்குழு வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம். இருபத்தொன்பதாம் விதியை ரத்துசெய்ய வேண்டும், கிரில்லை உடனே திரும்ப மாட்ட வேண்டும், செயலாளரை மாற்ற வேண்டும். மூன்று தீர்மானம். இருபத்துநான்கில் இருபத்துமூன்று என்றால் பாக்கி ஒன்று நான் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பாக்கி ஒன்று வெளியூரில் இருக்கிற ஒருவர். எங்கள் வீட்டுக்கு என் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள். முத்துமுத்தான கையெழுத்து. முப்பத்தெட்டு வருடமாக என் சட்டைப் பொத்தானை எண்ணித் தைத்தவள். கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று எனக்கு வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அவர்கள் வாதம் ஒன்றே ஒன்றுதான். கிரில் இல்லாத பால்கனி ஆபத்து. நான் யோசித்துப் பார்த்தேன். வரைபடம் போட்டவர் பொறியாளர். அதை அங்கீகரித்தது அரசாங்க அலுவலகம். கைப்பிடிக் கம்பி மூன்றரை அடி. அது ஒரு மனிதனைத் தாங்கத்தான் வைத்தது. அது ஆபத்து என்று யாரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை, பயந்து போய்ச் சொல்கிறார்கள். முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலையில் பயத்துக்கு இடமில்லை. ஒரு தராசு சரியா தப்பா என்று வாயால் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். எடையை வைத்துப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை காலை தையல்காரம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"பத்திரம் எழுதுறவரு வரச் சொல்லியிருக்காரு. பதினொன்னுக்குக் கெளம்பறேன். அவரு தூங்கிட்டிருக்காரு, வெளிய பூட்டிட்டுப் போறேன். நீ செத்த நேரம் கழிச்சு வந்து உக்காந்துக்கிறியா தங்கச்சி?"

"பதினொன்னரைக்கு வந்துர்றேன்க்கா. அடுப்புல வச்சதை இறக்கிட்டு வர்றேன். நீங்க கவலப்படாமப் போய்ட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

பதினொன்றுக்குப் பிறகு நான் அலுவலக அறைக்குப் போய்ப் பலகையிலிருந்து சாவியை எடுத்தேன். பார்வைக் காலத்தில் செயலாளர் எப்போது வேண்டுமானாலும் ஆய்வு செய்யலாம், இதைத் திரும்பவும் குறித்துக்கொள்ளுங்கள். மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். டிரைவர் தூங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெட்டிய துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தையல் மிஷினைத் தள்ளினேன். எழுபது வயதில் அது லேசான காரியம் இல்லை, இடுப்பு இன்னும் வலிக்கிறது. தாழ்ப்பாளைத் திறந்து, டேப்பை எடுத்துக் கம்பியை அளந்தேன். மூன்றடி ஆறு அங்குலம். ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதை நோட்டில் எழுதினேன், அந்த நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது.

திரும்பி வரும்போது டிரைவர் மணி கேட்டார். முதல்முறையாக நான் அவருக்குப் பதில் சொன்னேன். "ரெண்டு பத்து" என்றேன். பிறகு வாசலுக்கு வந்து, முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். பால்கனிக் கதவைத் திறந்தே விட்டிருந்தேன். கதவை அடைத்துவிட்டுக் கம்பியைச் சோதிக்க முடியாது.

முதல் மாடிப் படியில் என் மனைவி ஏறி வந்துகொண்டிருந்தாள். சொன்னதைவிடச் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டாள்.

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"ஆய்வு. அடுப்பை அணைச்சியா நீ? ஏதோ தீயிற வாசம் வருதே."

அவள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். அடுப்பை அவள் அணைத்திருந்தாள். அவள் எப்போதும் அணைத்துவிட்டுத்தான் வருவாள்.

நான் கீழே போய்த் தெருப்பக்கம் நின்றேன். பார்வை என்பது அங்கே நின்று பார்ப்பதுதான். டிரைவர் பால்கனிக்கு வந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார், எல்லாப் பொத்தானும் சரியாகப் போட்டிருந்தார். கீழ்க் கம்பியில் ஒரு காலை வைத்தார். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் எடை வைத்த பிறகு தராசைத் தொடக் கூடாது. தொட்டால் அளவு அளவாகவே இருக்காது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கம்பி தாங்கியது. அதை நான் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அது வளையவில்லை, ஆடவில்லை, ஒரு திருகுகூடக் கழலவில்லை. உங்கள் ஆட்களே வந்து பார்த்தார்கள், கேட்டுப் பாருங்கள். அந்தக் கம்பியில் ஒரு குற்றமும் இல்லை. அவர்தான் அதைத் தாண்டிப் போனார்.

சாயங்காலம் கூட்டம் நடக்கவில்லை.

உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் வேறு ஏதோ எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. வருத்தம் என்று எதையும் எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கே அந்தக் கட்டடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கதவு வரும், வராந்தா முழுக்கச் செருப்பு அலமாரி வரும். ஒருவர் அழுதார் என்று ஒரு விதியை வளைத்தால், அடுத்தவர் அழக் கற்றுக்கொண்டு வருவார். பதினோரு வருடம் அதை நான் தடுத்து நிறுத்தினேன். அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

மணியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என் மனைவி சொன்னதை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். படியில் என்னைப் பார்த்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து என்று சொல்லியிருப்பாள். சரியாகத்தான் சொல்லியிருப்பாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, உங்களோடாவது பேசினாளே.

ஆமாம். நான் டிரைவருக்கு மணி சொன்னபோது பதினொன்று இருபதுதான். இரண்டு பத்து ஆகியிருக்கவில்லை. இரண்டு பத்து ஆகும்வரை காத்திருந்தால் என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், தையல்காரம்மா திரும்பி வந்திருப்பார், சாயங்காலம் கிரில் மேலே ஏறியிருக்கும். கம்பியைச் சோதிக்க எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் இருந்தது. அதனால் அவருடைய நேரத்தை நான் முன்னால் கொண்டுவந்தேன். அவர் ஏறுவார் என்று தெரிந்துதான் சொன்னேன். ஏறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். முழுசாக எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் பின்னால் மாற்றிச் சொல்கிற ஆள் இல்லை.

இன்னொன்றும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் அந்த வீட்டில் யாரும் கிரில் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு ஏழு நாள் முடிந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தடையில்லாச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மூன்றாம் மாடி என்று உறையின் மேல் எழுதி மேசையில் வைத்தேன். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. சங்கத்துக்கு அந்த வீட்டின் மேல் இப்போது எந்த ஆட்சேபணையும் கிடையாது. நீங்கள் என்னைக் கூட்டி வருகிற வரைக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன், தையல்காரம்மா அதை வாங்கிக்கொள்ள வரவேயில்லை. அவருக்கு என் மேல் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது.